பிவிசி பைப் லைனில் பதம் பார்ப்பது: மிக்ஸர், ஆம்பியர், மின்வெட்டு

கோவை சுற்றுவட்டாரத்தில் விவசாயக் குழாய் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் உற்பத்திப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பிவிசி பவுடரை உருக்கிக் குழாயாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் முன்னால் நிற்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் மெயின் மோட்டாரின் ஆம்பியர் மீட்டர். வெப்பநிலைப் பலகை அதற்குப் பிறகுதான். பலகையில் தெரியும் எண்கள் இரும்பின் சூட்டைச் சொல்கின்றன. உள்ளே இருக்கும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆம்பியர் சொல்கிறது. குழாயின் வலிமையும், ஒரு ஷிப்டில் விழும் ஸ்கிராப்பின் அளவும், உருகிய பொருளுக்குக் குழாய் வடிவம் கொடுக்கும் டை கருகாமல் எவ்வளவு காலம் ஓடும் என்பதும், பொருள் எந்தப் பதத்தில் டைக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

நான் அதிகம் ஓட்டியவை 65/132 அளவுள்ள கூம்பு வடிவ இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர்கள். ஸ்க்ரூவின் விட்டம் பவுடர் விழும் முனையில் 132 மி.மீ., டையை ஒட்டிய முனையில் 65 மி.மீ. என்பதே அந்த எண்ணின் பொருள். இரண்டு ஸ்க்ரூக்களும் எதிரெதிர்த் திசையில் சுழலும். வேகம் நிமிடத்திற்கு முப்பது, நாற்பது சுற்றுகளைத் தாண்டாது. பாலிஎதிலீன் குழாய்க்கு ஒற்றை ஸ்க்ரூ போதும், அது வேகமாகவும் சுற்றலாம். பாலிஎதிலீன் கொஞ்சம் கூடுதல் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். பிவிசி அப்படிப்பட்ட பொருள் அன்று. அது உருகிப் பதப்படும் வெப்பமும் சிதையத் தொடங்கும் வெப்பமும் மிக அருகருகே இருக்கின்றன. சிதையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு மேலும் சிதைவைத் தூண்டுவதால், ஒரு மூலையில் தொடங்கிய கருகல் தானாக நிற்பதில்லை. ஆகவே பொருளைத் தேங்க விடாமல், அதிகம் தேய்க்காமல், மெதுவாக முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும் இயந்திரம் தேவைப்படுகிறது. இரட்டை ஸ்க்ரூ அதற்காகவே வந்தது.

குழாய் உண்மையில் உருவாகத் தொடங்குவது, பவுடர்களைச் சூடாக்கிக் கலக்கும் மிக்ஸர் அறையில். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பல தொழிற்சாலைகளில் நல்ல சம்பளமும் அனுபவமும் உள்ளவரை எக்ஸ்ட்ரூடரில் நிறுத்துகிறார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரை மிக்ஸருக்கு அனுப்புகிறார்கள். என் பொறுப்பில் இருந்த இடங்களில் இதை மாற்றி அமைத்தேன். மிக்ஸரில் நின்றவர், மூலப் பிவிசி பவுடரான ரெசினின் குணத்தைப் படித்த பிறகே அவரை லைனுக்கு அழைத்தேன்.

குழாய்க்குப் பயன்படும் சஸ்பென்ஷன் ரெசினின் கே மதிப்பு (மூலக்கூறின் நீளத்தைக் காட்டும் எண்) 65 முதல் 67 வரை இருக்கும். மூட்டையிலிருந்து கொட்டும்போது வெண்மணல் போலத் தெரியும் அந்தப் பவுடரின் ஒவ்வொரு துகளும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. ஹாட் மிக்ஸரின் பிளேடு அதிவேகமாகச் சுழலும்போது உராய்வினாலேயே பவுடர் சூடாகிறது. முதலில் ரெசினையும், அதைச் சூட்டில் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசரையும் போட வேண்டும். சூடு ஏற ஏற, பொருளை வழுக்கிச் செல்ல வைக்கும் மெழுகு வகை லூப்ரிகன்ட்டுகள் உருகித் துகள்களின் மேல் படியும், உள்ளேயும் இறங்கும். நிரப்புப் பொருளான கால்சியம் கார்பனேட் ஃபில்லரை 80, 90 டிகிரிக்குப் பிறகு போடுவதே நல்ல பழக்கம். தொடக்கத்திலேயே போட்டால் ரெசினுக்குப் போக வேண்டிய ஸ்டெபிலைசரையும் மெழுகையும் ஃபில்லர் தன் மேல் வாங்கிக்கொள்ளும், பிளேடையும் வீணாகத் தேய்க்கும். 115 முதல் 120 டிகிரி வரை வந்ததும் கீழே உள்ள கூலருக்கு இறக்க வேண்டும். அந்த வெப்பத்துக்குள் ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். கூலரில் 45 டிகிரிக்குக் கீழே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சூடாகவே மூட்டை கட்டினால் நடுப்பகுதி கட்டிப்படும், நிறமும் மங்கும். அதன் பிறகு கலவையை ஒரு நாள் ஆற வைத்து ஓட்டுவது நான் எங்கும் விட்டுக்கொடுக்காத விதி. ஆறிய கலவை, எக்ஸ்ட்ரூடருக்குப் பவுடர் விடும் தொட்டியான ஹாப்பரில் சீராக இறங்கும், ஆம்பியர் முள்ளும் ஆடாமல் நிற்கும்.

ஒரு பேட்ச் 120 டிகிரியைத் தொட எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத சோதனை இது. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் ஏறும் சூடு பதினான்கு நிமிடம் எடுத்தால் பிளேடு தேய்ந்திருக்கலாம், மூட்டை குறைவாகப் போட்டிருக்கலாம், அல்லது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபில்லர் ஈரம் குடித்திருக்கலாம். எக்ஸ்ட்ரூடரில் கோளாறு தெரிவதற்கு ஒரு நாள் முன்பே இந்த எண் எச்சரித்துவிடும்.

ஒரு முறை தெரிந்த ஒருவரின் தொழிற்சாலைக்கு உதவிக்குச் சென்றிருந்தேன். 110 மி.மீ. குழாயின் உட்புறம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரவென்று இருந்தது. மேற்பார்வையாளர் இரண்டு நாட்களாக, ஸ்க்ரூக்களைச் சூழ்ந்த இரும்பு உருளையான பேரலின் வெப்பப் பகுதிகளில், ஒவ்வொரு ஜோனாக வெப்பத்தை ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். சொரசொரப்பு குறையவில்லை, குழாயில் மஞ்சள் மட்டும் ஏறியிருந்தது. நான் பேரலின் நடுவில், ஈரமும் வாயுவும் வெளியேறும் துளையான வென்ட்டின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் பொருள் உதிரி உதிரியாக, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகளாக ஸ்க்ரூவின் பள்ளத்தில் புரண்டு போக வேண்டும். அங்கே பாதிக்கு மேல் பவுடராகவே பறந்துகொண்டிருந்தது. வென்ட்டில் காற்றை உறிஞ்சும் வேக்கம் அதை இழுத்து ஃபில்டரை அடைத்திருந்தது. ஆம்பியர் முள் குறைந்த எண்ணில் நின்று இரு பக்கமும் ஆடியது. எக்ஸ்ட்ரூடரை அப்படியே விட்டுவிட்டு மிக்ஸர் அறைக்குப் போனோம். அன்றைய கணக்கை எட்டிப்பிடிப்பதற்காக, பேட்ச் நூறு டிகிரியைத் தொடும் முன்பே கூலருக்கு இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஈரமும் போகவில்லை, மெழுகும் துகளுக்குள் இறங்கவில்லை. 118 டிகிரி வரை ஏற்றி ஆற வைத்த கலவையை மறுநாள் போட்டபோது, ஏற்றி வைத்த ஜோன்களை எல்லாம் பழைய இடத்துக்கு இறக்கியும் குழாயின் உட்புறம் பளபளவென்று வந்தது.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ரெசின் துகள் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் அளவுள்ளது. அதற்குள் ஒரு மைக்ரான் அளவிலான மிகச் சிறு உருண்டைகள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. சூடும் அழுத்தமும் உராய்வும் சேர்ந்து வெளித் துகளை உடைத்து, அந்த உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதையே ஜெலேஷன் என்கிறோம். பதம் குறைந்தால் குழாய் பார்வைக்குக் குழாயாகவே இருக்கும். பாசன மோட்டாரின் அழுத்தம் ஏறி இறங்கும்போது வெடிக்கும். பதம் மிஞ்சினாலும் உடையும் தன்மை வந்துவிடும். பேரலில் பொருளுக்கு ஏறும் வெப்பத்தில் பெரும்பங்கு ஸ்க்ரூவின் உராய்வினால் வருகிறது. ஹீட்டர் அதற்குத் துணை செய்கிறது. அதனால் முதல் ஜோனில் 185 டிகிரியும், போகப்போகக் குறைத்துக் கடைசி ஜோனில் 165, 170 டிகிரியும் வைப்பது இரட்டை ஸ்க்ரூவில் வழக்கம். பேரலையும் டையையும் இணைக்கும் அடாப்டரும் அதே அளவில் இருக்கும், டையில் மீண்டும் 180 முதல் 195 வரை ஏற்றுவோம். பவுடருக்குத் தொடக்கத்திலேயே சூடு கொடுத்துவிட்டு, உராய்வு ஏறும் டைப் பக்கப் பகுதியில் அடக்கிப் பிடிக்கும் முறை இது. கடைசி ஜோன்களில் குளிர்விக்கும் ப்ளோயர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் உராய்வு அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது வெப்ப எண்ணைக் குறைப்பதால் பெரிய பயன் இராது. வேகத்தையும் ஃபீடையும் (பவுடர் விழும் அளவு) லூப்ரிகன்ட் அளவையும் பார்க்க வேண்டும்.

வேகமும் ஃபீடும் மாறாமல் இருக்கையில் ஆம்பியர் மெல்ல ஏறினால், பொருள் முன்னதாகவே பதப்படுகிறது அல்லது லூப்ரிகன்ட் போதவில்லை. இறங்கினால் பதம் தாமதமாகிறது, மெழுகு கூடிவிட்டது, அல்லது ஹாப்பரில் பவுடர் பாலம் கட்டி நிற்கிறது. இதில் பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. முதல் இரண்டு ஜோன்களில் சூட்டை ஏற்றினால் ஆம்பியர் பெரும்பாலும் ஏறும், ஏனெனில் பொருள் சீக்கிரம் பதமாகி ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்கிறது. கடைசி ஜோன்களில் ஏற்றினால் ஆம்பியர் இறங்கும், ஏனெனில் பதமான பொருள் இளகுகிறது. ஆகவே சூட்டைக் கூட்டினேன் என்று மட்டும் லாக் புத்தகத்தில் எழுதுவதால் பயனில்லை. எந்த ஜோனில், எத்தனை டிகிரி, அதன் பிறகு ஆம்பியர் எங்கே நின்றது என்று எழுதப்பட வேண்டும். ஒரு மாற்றம் செய்தால் அதன் விளைவு முழுதாகத் தெரிய இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் இன்னொன்றைத் திருகினால் எது எதனால் வந்தது என்பது யாருக்கும் புரியாமல் போகும்.

இயந்திரத்தைத் தொடங்குவதில் அவசரம் கூடாது. பலகையில் எண் வந்துவிட்டது என்பதற்காக ஸ்க்ரூவைச் சுற்றினால், டையின் நடுவே உள்ள கனமான இரும்பு இன்னும் ஆறியே இருக்கும். பெரிய டைக்கு, செட் செய்த எண் வந்த பிறகும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஊற விட வேண்டும். பின்பு மிகக் குறைந்த வேகத்தில், பவுடரை அளந்து விடும் டோசிங் ஸ்க்ரூ மூலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பவுடர் விட்டு, ஆம்பியரைப் பார்த்தபடி ஏற்ற வேண்டும். பொருள் வெளிவரும்வரை யாரும் டைக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. உள்ளே அடைபட்ட வாயு சூடான கட்டியோடு தெறிப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அன்று அந்த இடத்தில் ஆள் இல்லாதது நல்லூழ்.

டையின் நடுப்பகுதியைத் தாங்கி நிற்கும் ஸ்பைடர் கால்களைச் சுற்றிப் பிரியும் பொருள், அவற்றைக் கடந்ததும் மீண்டும் சேர்ந்து ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் குழாயின் சுவருக்குள் நீளவாக்கில் பலவீனக் கோடுகள் நிற்கும். அழுத்தச் சோதனையில் குழாய் ஒரே நேர்கோட்டில் பிளந்தால், அந்தப் பிளவு ஸ்பைடர் காலுக்கு நேராக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவர்த் தடிமனைச் சரிசெய்யும்போது, குழாயின் வெளி அளவை நிலைநிறுத்தும் சைசிங் ஸ்லீவுக்குள் நுழையும் இடத்தில் உருகிய குழாயின் மேற்பக்கம் கம்பியால் மெல்லிய கோடு ஒன்று இழுக்கச் சொல்வேன். குழாயை இழுக்கும் ஹால்-ஆஃப் வரை போவதற்குள் குழாய் சற்றுத் திருகிக்கொள்வதுண்டு. கோடு இல்லாமல் அறுத்த முனையை மட்டும் அளந்தால் டையை மையப்படுத்தும் போல்ட்டுகளில் தவறான ஒன்றை இறுக்க நேரும். எதிர்ப் பக்கப் போல்ட்டைத் தளர்த்திய பிறகே இந்தப் பக்கத்தை இறுக்க வேண்டும், அதுவும் டை முழுச் சூட்டில் இருக்கும்போது.

தடிமன் கணக்கு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒருசேரப் புரிய வேண்டிய கணக்கு. 110 மி.மீ. குழாயின் சுவர் 0.1 மி.மீ. கூடினால் 6 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 290 கிராம் கூடுகிறது. 3 மி.மீ. சுவருள்ள குழாயை மணிக்கு 250 கிலோ வேகத்தில் ஓட்டினால் ஒரு நாளில் சுமார் 700 குழாய்கள் வரும், அந்த 0.1 மி.மீ. ஒரு நாளைக்கு 200 கிலோ பொருளை விழுங்கும். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் ஓடும் குழாயில், மெல்லிய பக்கம் தர அளவுக்குக் கீழே போகாமல் இருப்பதற்காகச் சுவர் முழுவதையும் தடிப்பாக ஓட்ட வேண்டிவரும். டையை மையப்படுத்தச் செலவிடும் அரை மணி நேரம் அன்றைக்கே திரும்பக் கிடைத்துவிடும்.

செலவைக் குறைக்கச் சிலர் பிடிக்கும் குறுக்கு வழி ஃபில்லரை ஏற்றுவது. இதைக் குறித்து எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கால்சியம் கார்பனேட்டின் அடர்த்தி ஏறக்குறைய 2.7, பிவிசியின் அடர்த்தி 1.4. ஃபில்லர் மிகுந்தால் குழாய் கனக்கும், கையில் வாங்கும் விவசாயிக்கு அது கெட்டியான சரக்காகவே தோன்றும். பள்ளத்தில் போட்டு மண் மூடிய பிறகு, ஒரு கல் அழுத்தினாலே அது விரிசல் விடும். குடிநீர்க் குழாய்களுக்கான ஐஎஸ் 4985 தரநிலை அடர்த்தியை 1.40 முதல் 1.46 வரை என்று வரையறுத்திருப்பதன் காரணமே இதுதான். ஒரு சிறு துண்டைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டால் உண்மை தெரிந்துவிடும். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டியவர் பூமிக்குள் இறக்கும் குழாய் இது என்பதை உற்பத்தி செய்பவர் மறக்கக் கூடாது.

குழாயைக் குளிர்விக்கும் வேக்கம் டேங்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், ஏனெனில் நம் பக்கத்தில் அதுதான் தொல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையால், பித்தளை சைசிங் ஸ்லீவின் நுண்வெட்டுகளிலும் ஸ்ப்ரே நாசில்களிலும் உப்புப் படிகிறது. குழாயின் வெளிப்புறத்தில் நீளக் கீறல்கள் வந்தால் டையைக் கழற்றும் முன் ஸ்லீவை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்து நாசில்கள் மட்டும் அடைத்திருந்தால் குழாய் ஒருபுறம் தாமதமாக ஆறி வில்லாக வளையும். மென்னீர்க் கருவிக்குப் போடும் பணத்தைச் செலவாக எண்ணத் தேவையில்லை.

இனி மின்வெட்டு. தமிழ்நாட்டில் குழாய் ஓட்டியவர்கள் 2012-ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே, மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகமாக இருந்த நாட்கள் அந்த ஆண்டில் வந்தன. அறிவித்த வெட்டைச் சமாளித்துவிடலாம். அறிவிக்காமல் போகும் மின்சாரம்தான் பிவிசிக்கு எமன். ஸ்க்ரூ நின்றுவிடுகிறது, ப்ளோயரும் நின்றுவிடுகிறது; நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு மட்டும் 190 டிகிரியில் அப்படியே நிற்கிறது. அதன் நடுவில் அகப்பட்ட பொருள் நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும். வெளிர் இளஞ்சிவப்பு, பழுப்பு, பிறகு கருப்பு. மூக்கைத் துளைத்துக் கண்ணை எரிக்கும் அமில நெடி வந்துவிட்டால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் ஜெனரேட்டரை வாங்கும்போது லைன் முழுவதையும் ஓட்டும் திறனுக்கு வசதி இருக்கவில்லை. ஆகவே எதற்கு முதலிடம் என்று எழுதி, பேனலுக்கு மேல் ஒட்டி வைத்தோம். மெயின் மோட்டார், கியர் பாக்ஸின் எண்ணெய் பம்ப், பேரல் ப்ளோயர்கள் ஆகியவை முதலில். ஹீட்டர்களுக்கு அந்த நேரத்தில் மின்சாரமே தேவையில்லை, இரும்பு தன் சூட்டிலேயே அரை மணி தாங்கும். ஜெனரேட்டர் எடுத்ததும் பவுடர் ஃபீடை நிறுத்தி, மெதுவான வேகத்தில் பேரலைக் காலி செய்துகொண்டே, ஸ்டெபிலைசரும் லூப்ரிகன்ட்டும் மிகுதியாகச் சேர்த்துத் தனியே கலந்து வைத்திருக்கும் பர்ஜ் காம்பவுண்டை விட வேண்டும். வழக்கமான பிவிசி கலவை முழுவதும் வெளியேறி, பர்ஜ் காம்பவுண்டு டையின் வாயில் தெரிந்த பிறகு நிறுத்தினால், மின்சாரம் எப்போது வந்தாலும் பயமின்றித் தொடங்கலாம். இதற்காக இரண்டு மூட்டை பர்ஜ் காம்பவுண்டு எந்நேரமும் ஹாப்பரின் அருகிலேயே இருக்க வேண்டும், ஸ்டோர் அறையில் பூட்டி வைத்திருந்தால் இரவு ஷிப்டில் உதவாது.

ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால் வேறு வழியில்லை, டையைச் சூடாக இருக்கும்போதே கழற்றித்தான் ஆக வேண்டும். அறையின் கதவுகளை எல்லாம் திறந்து, மின்விசிறியால் நெடியை வெளியேற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்தவர்களே அதில் ஈடுபட வேண்டும். சூடான பிவிசி தோல் போல உரிந்து வரும். ஆறவிட்டால் உளியால் வெட்ட வேண்டிய நிலை வரும், அங்கேதான் டை பாழாகிறது. பித்தளைத் தகடும் செம்புக் கம்பி வலையும் தவிர எந்த எஃகுக் கருவியும் டையின் நடுத்தண்டான மாண்ட்ரலைத் தொடக் கூடாது. குரோம் பூச்சில் விழும் ஒரு நூலளவு கீறல், அந்த டை உயிரோடு இருக்கும்வரை குழாயின் மேல் கோடாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்த பிறகு பளபளக்கும் இரும்பை அப்படியே விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் துரு பூத்திருக்கும். கசிந்த அமில வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. துடைத்த கையோடு சிலிகான் எண்ணெய் தடவி மூடிவிட வேண்டும்.

ஸ்கிராப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொந்தக் கழிவை அரைத்துப் பல்வரைசரில் பொடியாக்கித் திரும்பச் சேர்ப்பதில் தவறில்லை. ஏற்கெனவே ஒரு முறை பதப்பட்ட பொருள் என்பதால் அது புதிய பவுடரைவிடச் சீக்கிரம் உருகும், ஆம்பியரும் அதற்கேற்ப மாறும். ஆகவே பேட்ச்சுக்குப் பேட்ச் விகிதம் மாறாமல் இருக்க வேண்டும். தரையில் குவித்துப் பெருக்கி அள்ளிய ஸ்கிராப்பில் மணல் இருக்கும், மணல் ஸ்க்ரூவைத் தின்றுவிடும். வெளியிலிருந்து வாங்கும் ஸ்கிராப்பை நான் அனுமதித்ததே இல்லை. அதில் அசிட்டால் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கலந்திருந்தாலும் பெரும் ஆபத்து. பிவிசி விடும் அமிலம் அசிட்டாலைச் சிதைத்து, ஃபார்மால்டிஹைடு வாயுவைப் பேரலுக்குள் பெரும் அழுத்தத்துடன் வெளிவரச் செய்யும். இந்த இரண்டு பொருள்களும் ஒரே கூரையின் கீழ் ஓடும் தொழிற்சாலைகள் இதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொல்லித்தர வேண்டும்.

அண்மைக் காலத்தில் தொழிலை ஆழமாக மாற்றியது ஸ்டெபிலைசர். நான் வேலை கற்றபோது எங்கும் ஈயம் கலந்த ஸ்டெபிலைசர்தான். அது மலிவு, ஓட்டுபவரின் சிறு பிழைகளை எல்லாம் தாங்கிக்கொள்ளும். ஆனால் மிக்ஸர் அறையில் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்கள் மனிதர்கள், அந்தக் குழாயில் வரும் தண்ணீரைக் குடிப்பவர்கள் குழந்தைகள். 2021-இல் ஒன்றிய அரசு பிவிசி குழாய்களில் ஈய ஸ்டெபிலைசரைக் கட்டுப்படுத்தும் விதிகளை அறிவித்தபோது, விலை ஏறும் என்ற புலம்பல் எழுந்தது. அது வர வேண்டிய காலத்தைவிடத் தாமதமாகவே வந்தது என்பது என் எண்ணம்.

கால்சியம்-துத்தநாக ஸ்டெபிலைசருக்கு மாறும்போது பழைய செட்டிங்கை அப்படியே வைத்து ஓட்ட முடியாது. ஈயம் கருகும்போது படிப்படியாக நிறம் மாறி எச்சரிக்கும். துத்தநாகம் அப்படிச் செய்யாது. கடைசி வரை வெள்ளையாக இருந்துவிட்டு, ஸ்டெபிலைசர் தீர்ந்த கணத்தில் திடீரென்று கறுத்துவிடும். அப்போது உருவாகும் துத்தநாகக் குளோரைடே சிதைவை வேகப்படுத்துகிறது. எனவே மின்வெட்டு நேரத்தில் முன்பு கிடைத்த அவகாசம் இப்போது கிடைக்காது. லூப்ரிகன்ட் சமநிலையும் மாறும். ஸ்டெபிலைசர் விற்பவர் தரும், ஸ்டெபிலைசரும் லூப்ரிகன்ட்டும் சேர்ந்த ஒன்-பேக் கலவையை வாங்கும்போது, அவருடைய தொழில்நுட்ப ஆளை லைனுக்கு வரவழைத்து, உங்கள் இயந்திரத்தில், உங்கள் ஃபில்லரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆம்பியரும் வென்ட்டில் தெரியும் கட்டிகளின் தோற்றமும் பழைய இடத்துக்கு வரும்வரை விலை பேச வேண்டாம்.

பதம் சரியா என்பதை உறுதிசெய்ய மெத்திலீன் குளோரைடு சோதனையே இறுதியானது. குழாய்த் துண்டின் முனையைச் சாய்வாகச் சீவி, குளிர வைத்த திரவத்தில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், பதம் குறைந்த இடங்கள் வெளுத்து, அரிக்கப்பட்டு, செதில் செதிலாக எழும். சுவரின் உள்பக்கம் மட்டும் அரித்திருந்தால் ஒரு காரணம், ஸ்பைடர் கோடுகளில் மட்டும் அரித்திருந்தால் வேறொரு காரணம். திரவத்தின் ஆவி உடலுக்குக் கேடு என்பதால் காற்றோட்டமான இடத்தில், மூடிய பாத்திரத்தில் மட்டுமே செய்ய வேண்டும். லைன் அருகில் உடனடியாகச் செய்யக்கூடியது வேறொன்று: கூர்மையான கத்தியால் குழாயின் முனையைச் சீவுவது. நல்ல பதத்தில் சுருள் அறாமல் நீளமாக வரும், பதம் குறைந்ததில் தூளாக உதிரும். சென்னை கிண்டியில் 1968-இல் தொடங்கப்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற இடங்களில் சோதனைக்கூட வசதி உண்டு. சிறு தொழிற்சாலைகள் மாதிரிகளை அங்கே அனுப்பி, தங்கள் கத்திச் சோதனை எந்த அளவுக்கு உண்மையோடு பொருந்துகிறது என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு ஒரு முறையாவது ஸ்க்ரூக்களை வெளியே இழுத்து, ஒவ்வொரு ஜோனிலும் ஸ்க்ரூவுக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து குறித்து வைக்க வேண்டும். தேய்மானம் கூடினால் பொருள் பின்னோக்கி வழிந்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்கப்பட்டு, அதே ஆம்பியரில் குறைவான கிலோ மட்டுமே வெளிவரும். கூம்பு வடிவ ஸ்க்ரூவில் ஒரு வசதி உண்டு: பின்பக்கத்தில் உள்ள இடைத்தகடான ஸ்பேசரை மாற்றி ஸ்க்ரூக்களைச் சற்று முன்னே நகர்த்தினால் இடைவெளி மீண்டும் குறையும். இதனால் புதிய ஸ்க்ரூ வாங்கும் செலவை இரண்டு, மூன்று ஆண்டுகள் தள்ளிப்போடலாம். எவ்வளவு நகர்த்தலாம் என்பதை இயந்திரம் செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஸ்க்ரூக்களுக்கும் நகர்வு ஒரே அளவாக இருக்க வேண்டும். நகர்த்திய பிறகு வெறும் பேரலில் கையால் சுற்றும்போது எங்கும் உரசவில்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்து, முதல் ஷிப்டைப் பாதி வேகத்தில் ஓட்டி, அந்த நாளின் ஆம்பியரைப் புதிய அடிப்படை எண்ணாக லாக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.